துரையைப் பையில் போட்டு ஜவ்வாது மலை ஏற்றிய கதை

பூனையோடு பஸ்ஸில் மலை ஏறுவது எப்படி என்று தேடி இந்தப் பக்கத்துக்கு வந்திருக்கிறீர்கள் என்றால், முதலில் என் ஆழ்ந்த அனுதாபங்கள். நானும் தேடினேன். பனிமலையில் முதுகுப்பைக்குள் உட்கார்ந்து போஸ் கொடுக்கும் வெளிநாட்டுப் பூனைகள்தான் வந்தன. கண்ணமங்கலத்திலிருந்து ஜமுனாமரத்தூர் போகிற பூனையைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

நான் மருந்தாளுநர். ஜூன் முதல் வாரத்திலிருந்து எனக்கு ஜமுனாமரத்தூரில் வேலை. அங்கே அறை எடுத்துத் தங்கி, பதினைந்து நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து போக வேண்டும். வீட்டில் என்னையும் துரையையும் தவிர யாரும் இல்லை. துரை நான்கு வயது ஆண் பூனை. எடை நாலரைக் கிலோ, கோபம் நாற்பது கிலோ. பைக்குள் உட்கார்ந்து வரப் பழகினால் என்னோடு மலைக்கு வரலாம். இல்லாவிட்டால் செங்கத்தில் நெல் மண்டி வைத்திருக்கும் என் தம்பியிடம் போக வேண்டியதுதான்.

தம்பிக்கு எலி பிடிக்கப் பூனை வேண்டும். மண்டி வாசலில் நாள் முழுக்க லாரி வரும், போகும். இதற்கு முன் அங்கே இருந்த இரண்டு பூனைகளும் லாரிச் சக்கரத்தில்தான் முடிந்தன. கேட்டால், "அதுக்கு இன்னாக்கா பண்றது?" என்பான். நான் சரி என்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமையே வந்து துரையை எடுத்துப் போவதாக நாளும் குறித்துவிட்டான். அதற்குள் ஒரு முறையாவது மலைக்குப் போய் வந்து பார்த்துவிட வேண்டும் என்றுதான் போன வெள்ளிக்கிழமை கிளம்பினேன்.

பை 2,450 ரூபாய். பின்பக்கம் கண்ணாடி மாதிரி ஒரு பெரிய பிளாஸ்டிக் குமிழ், இரண்டு பக்கமும் வலை. குமிழ் இல்லாத பை 1,300க்கே கிடைத்தது. துரை மலையைப் பார்த்துக்கொண்டு வரட்டுமே என்று ஆசைப்பட்டு 1,150 ரூபாய் அதிகம் கொடுத்தேன். இந்த ஆசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழக்கியது பன்னிரண்டு நாள். முதல் மூன்று நாள் பையைத் திறந்து கூடத்தில் வைத்தேன். துரை அதைச் சுற்றிப் போய், சமையலறை மூலையில் கிடந்த காலி அரிசிச் சாக்கின் மேல் படுத்துத் தூங்கியது. நான்காம் நாள் முதல் பைக்குள் நெத்திலிக் கருவாடு. பின்னங்கால் இரண்டையும் வெளியே ஊன்றிக்கொண்டு கழுத்தை மட்டும் நீட்டிக் கருவாட்டை எடுத்துக்கொண்டது. எட்டாம் நாள்தான் முழு உடம்பும் உள்ளே போனது. அதற்குப் பிறகு ஜிப்பைக் கால்வாசி, பாதி, முழுசு என்று மூடினேன். பன்னிரண்டாம் நாள் முதுகில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் இருபது நிமிடம் நடந்தேன். சத்தமே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். வீட்டுக்குள் ஹேர்பின் வளைவு இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

வெள்ளி காலை 6.40க்குப் போளூர் பஸ். சுமார் 30 கிலோமீட்டர், எனக்கு டிக்கெட் 25 ரூபாய். சந்தவாசல் தாண்டும் முன்பே துரை கத்த ஆரம்பித்தது. சாதாரணக் கத்தல் இல்லை, அடிவயிற்றிலிருந்து வரும் அழுகை. குமிழுக்கு வெளியே புளியமரம், லாரி, ஆடு, டீக்கடை எல்லாம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்க, துரை ஒவ்வொன்றையும் பார்த்துத் தனித்தனியாக அலறியது.

கண்டக்டர் குனிந்து பார்த்தார். "இன்னாம்மா, கொயந்தைனு நெனச்சேன், பூனையா?"

"ஆமாங்க."

"பூனைக்கு லக்கேஜ் போடணும். இருவது ரூபா குடு. இந்தக் கத்து கத்துது, முப்பதே போடலாம்."

போளூரில் 7.35க்கு இறங்கினேன். ஒரு டீ, இரண்டு இட்லி, 45 ரூபாய். துரைக்குத் தண்ணீர் வைத்தால் குடிக்கவில்லை. 8.15க்கு ஜமுனாமரத்தூர் பஸ். அங்கிருந்து சுமார் 42 கிலோமீட்டர், பாதிக்கு மேல் மலைப்பாதை. எனக்கு 40, துரைக்கு 20. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்தில் என் வயதுள்ள ஒரு மலைக்காரப் பெண். புளி விற்றுவிட்டு, காலிச் சாக்குகளை மடித்து மடியில் வைத்திருந்தார். ஏறியதும் கண்ணை மூடித் தூங்கத் தயாரானார். எங்கே தூங்குவது? மூன்றாவது வளைவில் துரை குமிழில் தலையை முட்ட ஆரம்பித்தது. மூக்கில் ரத்தம் கசிந்ததைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கையில் போனை எடுத்துத் தம்பிக்கு, "ஞாயிற்றுக்கிழமை வா" என்று அடித்தேன். அனுப்பினால், சிக்னல் இல்லை.

அந்தப் பெண் கண்ணைத் திறந்தார். "யம்மா, நா காத்தால மூணு மணிக்கு எய்ந்தவ. இத்த வாய மூட வைக்க முடியாதா?"

"பன்னண்டு நாளா பழக்கினேங்க. உள்ள உக்காந்து வேடிக்கை பாத்துக்கினு வரும்னுதான்..."

"வேடிக்கையா? பூனைக்கா?" என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்க ஊர்ல பூனைய சாக்குல கட்டித்தான் கொண்டாருவோம். வர்ற வயிய பாத்துக்கினு வந்தா அது எப்டி தங்கும்? திரும்பி ஓடத்தான் பாக்கும்."

மடியிலிருந்து ஒரு சாக்கை உருவி, கேட்காமல் கொள்ளாமல் பையின் மேல் போட்டார். குமிழ் மூடிக்கொண்டது. வலைப் பக்கம் மட்டும் காற்றுக்கு விட்டு, ஓரத்தைப் பை வாரில் செருகினார். துரை இரண்டு முறை முனகியது. பிறகு சத்தமில்லை. எட்டிப் பார்த்தால், வலையை ஒட்டித் தொங்கிய சாக்கு முனையில் மூக்கை வைத்துப் படுத்திருந்தது. அந்தப் பெண் அடுத்த நிமிடமே தூங்கிவிட்டார்.

எனக்கு வந்த எரிச்சலை எப்படிச் சொல்ல? சாக்கு விஷயம் எனக்குத் தெரியாததா? எங்கள் வீட்டுக்கு வந்த எல்லாப் பூனையும் சாக்கில்தான் வந்தது. அது கொடுமை, நான் அப்படிச் செய்ய மாட்டேன் என்று நினைத்த திமிருக்குத்தான் 1,150 ரூபாய். மூன்று நாள் அது அரிசிச் சாக்கின் மேல் படுத்திருந்ததைக் கண் முன்னால் பார்த்தவளும் நான்தான். இந்த யோசனையில் இருக்கும்போதே எட்டாவது வளைவு வந்தது. அந்தப் பயணத்தில் வாந்தி எடுத்த ஒரே ஜீவன் நான்.

10.25க்கு ஜமுனாமரத்தூர். இறங்கும்போது சாக்கைத் திருப்பிக் கொடுத்தேன். "வெச்சிக்கோ. எறங்கும்போதும் கத்துமில்ல? சாமை அறுப்புக்குள்ள குட்த்துடு, போதும்" என்று தன் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு நடந்தார்.

அறை ஒரு நாளைக்கு 700 ரூபாய். ஊரைச் சுற்றிப் பார்க்க நிறைய இருக்கிறது, நான் ஒன்றும் பார்க்கவில்லை. கட்டிலுக்கடியில் புகுந்துகொண்ட துரையைத் தரையில் படுத்து, "வாடா கண்ணு, வாடா" என்று ஒரு மணி நேரம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். சனி காலை சாக்கைப் பைக்குள் விரித்து வைத்துவிட்டுப் பல் விளக்கப் போனேன். வந்து பார்த்தால் துரை உள்ளே உட்கார்ந்திருந்தது. கருவாடு கேட்கவில்லை. 9.30 பஸ்ஸில் மலை இறங்கி மதியம் வீடு சேரும் வரை நான்கே முறைதான் கத்தியது. நான்கும் ஹாரனுக்கு.

போகிறவர்களுக்கு: குமிழ் வைத்த பை வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் துணியோ சாக்கோ போட்டு மூடுங்கள், வலையை மட்டும் மூடாதீர்கள். பையை முதுகில் மாட்டாமல் மடியில் வையுங்கள். பூனை எதன் மேல் தூங்குகிறதோ அதையே உள்ளே விரியுங்கள். கிளம்புவதற்கு நான்கு மணி நேரம் முன்பு சாப்பாட்டை நிறுத்துங்கள், பூனைக்கும் உங்களுக்கும். வீட்டுக்குள் பழக்கியது போதாது, ஒரு நாள் நாலு ஸ்டாப் தூரமாவது பஸ்ஸில் போய் வாருங்கள். போளூருக்கு மேல் போனை நம்பாதீர்கள்.

கடைசி ஆலோசனை, நான் செய்யத் தவறியது: அழுதுகொண்டே அடித்த செய்தியை உடனே அழித்துவிடுங்கள். என் போன் அதை ஜமுனாமரத்தூரில் சிக்னல் கிடைத்ததும் தானே அனுப்பியிருக்கிறது. நான் கவனிக்கவே இல்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் தம்பி வந்து நின்றான். பைக்கின் பின்னால் மூடி போட்ட தக்காளி கிரேட், கட்டக் கயிறு. "நீதானக்கா வரச் சொன்ன?" என்றபடி கிரேட்டைக் கூடத்தில் வைத்தான். நான் வாய் திறக்கும் முன், ஜன்னல் மேலிருந்த துரை இறங்கியது. கிரேட்டைப் பார்த்தது. தம்பியைப் பார்த்தது. நேராக மூலைக்கு நடந்து, திறந்திருந்த பைக்குள் முழு உடம்போடு நுழைந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிச் சாக்கின் மேல் உட்கார்ந்துகொண்டது.

"நா ஒண்ணுமே பண்லயேக்கா" என்றான் தம்பி.

அத்தனை நாள் கருவாடு போட்டு நான் கெஞ்சியது இதற்குத்தான். "கிரேட்ட காலியாவே எடுத்துக்கினு போடா, இது என்னோட மலைக்கு வருது" என்று சொல்லிவிட்டுப் போய் ஜிப்பை மூடினேன்.