பாலத்தில் மாட்டிய பிரெஞ்சுக் கப்பல்

இந்த வருஷத் திருவிழாவுக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மனுக்கு நான் ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பல் செய்து கொடுத்தேன். அம்மன் கேட்கவேயில்லை.

வழக்கமாகக் கொழுந்து லாரியைக் கழுவி, வாழை கட்டி, சாமியை ஏற்றி, மேல்கணக்குப் பிரிவிலிருந்து ஆற்றைத் தாண்டிக் கீழ்க்கணக்குப் பிரிவின் லயத்து வீடுகளுக்குக் கொண்டுபோவோம். இம்முறை ஜோடனை என் பொறுப்பு. அப்போதுதான் யூடியூபில் ஒரு கப்பலின் கதை பார்த்திருந்தேன். பதினெட்டாம் நூற்றாண்டில் மிளகும் துணியும் சுமக்கக் கட்டிய பிரெஞ்சு வணிகக் கப்பல். சண்டை வந்ததும் அரசாங்கம் வாங்கி, விலாவில் ஓட்டை போட்டு, பீரங்கிகளை ஏற்றிவிட்டது. பாரம் தாங்காமல் ஆமைபோல் நகர்ந்து, ஆங்கிலேயரிடம் பிடிபட்டது. அவர்கள் பீரங்கிகளைக் கழற்றிவிட்டு மறுபடி மூட்டை ஏற்றினார்களாம். இவ்வளவு கேட்டும் என் புத்தியில் பீரங்கி மட்டுமே தங்கியது.

லாரியின் இருபுறமும் இரும்புக் குழாய்களைப் பீரங்கிகளாக நீட்டி வெல்டிங் பிடித்தேன். குலுங்கக் கூடாதே!

கீழ்க்கணக்குப் பாலத்தில் பீரங்கிகள் இரண்டு பக்கச் சுவரிலும் இடித்து லாரி நின்றது. "யன்ன பே, மச்சாங்" என்று டிரைவர், போக முடியாதென்று சிங்களத்தில் சொல்லிக் கையை விரித்தார்.

"ரிவர்ஸ் எடுங்க" என்றேன்.

பூசாரி முறைத்தார். "சாமி பின்னால போகாது. நடுவழியில எறங்கவும் மாட்டா. ஒங்க பீரங்கியத்தான் எறக்கணும்."

அக்கரையில் லயமே பூசைத் தட்டோடு காத்திருந்தது. வாசலுக்குச் சாமி வந்து தேங்காய் உடைக்கும்வரை அங்கே யாரும் எதுவும் சாப்பிடமாட்டார்கள். என் மாமியாரும்தான். அவர் சீனி வியாதிக்காரர்.

என் மனைவி அங்கிருந்தே கத்தினாள்: "அம்மாவுக்குத் தலை சுத்துதுங்க! இன்னும் யாரச் சுடணும் ஒங்களுக்கு?"

ஃபெக்டரியிலிருந்து இரும்பறுக்கும் வாள் வந்தது. மேளக்காரர்கள் கொஞ்ச நேரம் அடித்துப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் உட்கார்ந்து நான் அறுப்பதை வேடிக்கை பார்த்தார்கள்.

"அண்ணே, கப்பல் முழுகிறாம பாத்துக்கங்க!" என்றான் தவில்காரன். ஊரையே கிண்டலடிக்கும் நான் வாளை இன்னும் வேகமாக இழுத்தேன்.

பொழுது சாயும்போதுதான் லாரி மாமியாரின் வாசலுக்கு வந்தது. அவர் சுவரைப் பிடித்து எழுந்து தேங்காய் உடைத்தார். மனைவி சோறு போட்டுக் கொடுத்த தட்டை அப்படியே என்னிடம் நீட்டினார்.

"நீங்க மொதல்ல சாப்பிடுங்க மாப்பிள்ள. காலையிலேருந்து பாவம், வேல."

"ஐயோ, நீங்க சாப்பிடுங்க அத்தை."

"மாப்பிள்ள பசியோட நிக்க நான் சாப்பிடவா?"

மாட்டேன் என்றால் மாட்டார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கக் காத்திருந்தார். மேல்கணக்கில் காலையிலேயே வயிறு நிறைய ரொட்டி தின்றுவிட்டு வந்தவன் நான். தலையைக் குனிந்துகொண்டு, மென்றும் மெல்லாமலும், அந்தச் சோற்றை அவசர அவசரமாக விழுங்கினேன்.