உளுந்து மூட்டை மேல் நாதஸ்வரம்

விருதுநகரில் பருப்பு மொத்த வியாபாரம் செய்த கமாலுதீன், ஊரே சி.டி.க்கு மாறிவிட்ட 2004இல், விலை உயர்ந்த ரெக்கார்டு பிளேயர்கள் இரண்டு வாங்கினார். ஜெர்மன் பெட்டி நாதஸ்வரத்துக்கு, ஜப்பான் பெட்டி சினிமாப் பாட்டுக்கு. மாற்றிப் போட்டால் காது வலிக்கிறது என்பார். தெருவில் லாரி போனால் முள் அதிர்கிறதென்று, ஜெர்மன் பெட்டியை மட்டும் உளுந்து மூட்டை மேல் வைத்திருந்தார்.

நோன்புப் பெருநாளுக்கு மகள் ஹஸ்னா பிள்ளைகளோடு வருவதாக இருந்தது.

“பிள்ளைக படுக்க இடமில்ல. ஒரு பெட்டியக் குடுத்துருங்க,” என்றார் மனைவி பைரோஜா.

“ரெண்டும் ஒண்ணா என்ன? சத்தத்த வச்சே எதுன்னு சொல்லிருவேன்.”

“அப்ப அடுத்த ரூம்புல போயி இருங்க. சரியாச் சொல்லிட்டீகன்னா ரெண்டும் இருக்கட்டும்.”

கமாலுதீன் போய் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் நாதஸ்வரம் கேட்டது.

“ஜெர்மன்! இந்தக் கனம் வேற எதுல வரும்?” என்று வெற்றியோடு வந்தார். உளுந்து மூட்டை மேல் ஜப்பான் பெட்டி சுற்றிக்கொண்டிருந்தது.

“இம்புட்டு நாளும் கனமா இருந்தது நம்ம உளுந்துதானா, ஹஸ்னா அத்தா?” என்றார் பைரோஜா.

அவர் மூட்டையைத் தட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “அப்ப சினிமாப் பாட்டுக்குத் துவரையப் போட்டுப் பாக்கணும்.”

ஹஸ்னா வந்தபோது ஜெர்மன் பெட்டி இல்லை. அது இருந்த இடத்தில் துவரை, கடலை, பாசி என்று மூன்று மூட்டைகள் இருந்தன. பிள்ளைகளுக்கு மொட்டை மாடியில் பாய் விரித்தார் பைரோஜா.