படகுத்துறையில் சிக்கிய கூறை

இரண்டு வருடங்களுக்கு முந்தைய ஜனவரி. ஆக்லாந்தில் அதுதான் நல்ல கோடை. குடும்ப நண்பரின் மகளுக்குத் திருமணம். அதுவும் நகரத்துக்கு எதிரே இருக்கும் ஒரு தீவில், திராட்சைத் தோட்டத்துக்குள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கோயில் மண்டபமெல்லாம் எங்கே பிடிக்கிறது! நாங்கள்தான் பட்டும் நகையுமாகப் பயணிகள் படகில் ஏற வேண்டியதாயிற்று.

அன்று நான் என் கூறைச் சேலையை உடுத்தினேன். யாழ்ப்பாணத்து வழக்கத்தில், தாலி கட்டும் நாளன்று மாப்பிள்ளை தன் கையால் மணப்பெண்ணுக்குக் கொடுப்பது கூறை. ஊரை விட்டு ஓடிவந்தபோது வீடும் போய், கல்யாண ஆல்பமும் போய், மிஞ்சியது அது ஒன்றுதான். என்னைவிட என் கணவருக்குத்தான் அதன் மேல் கரிசனை அதிகம். ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு இற்றுவிடும் என்று அவரே அவ்வப்போது எடுத்து மாற்றி மடித்து வைப்பார். அன்றும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

“இஞ்சேரும், கடல் காத்துக்குச் சரிகை கறுத்துப் போடும். வேற சீலை உடுத்துமன்.”

நான் கேட்கவில்லை. முந்தானை பறந்து மானத்தை வாங்கிவிடக் கூடாது என்று தோளில் நாலைந்து ஊக்குகளைக் குத்திக்கொண்டேன். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. அப்படி ஒரு திருப்தி எனக்கு.

தீவை நெருங்கும்போது காற்று பலத்துவிட்டது. மிதக்கும் துறைமேடையில் படகைக் கட்டி, இறங்குவதற்கு ஒரு குறுகிய இரும்புப் பாலத்தை வைத்தார்கள். கணவர் முன்னால் இறங்கிவிட்டார். நான் பாலத்தின் நடுவில் நிற்கும்போது அடித்த காற்றில், முந்தானை கைப்பிடிக் கம்பியைத் தாண்டிப் பறந்து, படகுக்கும் மேடைக்கும் இடையில் இருந்த சந்துக்குள் விழுந்தது.

எடுக்கலாம் என்று குனிவதற்குள் படகு மேடையோடு வந்து ஒட்டியது. படகோரத்து டயருக்கும் மேடைக்கும் நடுவில் துணி அகப்பட்டுவிட்டது. படகு உரசி உரசி இறங்க, துணியும் உள்ளே போனது. கம்பியில் நெஞ்சு மோதியது. அடுத்த அலைக்கு என் தலை கம்பிக்கு வெளியே போய்விட்டது. கழுத்தோரம் சேலை இறுகி, மூச்சு முட்டியது. நேர் கீழே கறுத்த தண்ணீர். ஊக்குகளில் ஒன்றுகூட விட்டுக்கொடுக்கவில்லை. பட்டும் கிழியவில்லை. கைக்கு ஊக்குகள் எட்டவும் இல்லை. இன்னொரு அலை வந்தால் நான் அந்தச் சந்துக்குள்தான் என்று தெரிந்துவிட்டது.

படகில் வேலை செய்யும் ஓர் இளம்பெண் பாய்ந்து வந்து ஒரு கையால் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். மறு கையால் இடைவாரிலிருந்து கத்தியை உருவினாள். கத்தியைக் கண்டதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“வெட்டாதை பிள்ளை! கூறை!” என்று தமிழில் கத்தினேன். பாவம், அவளுக்கு என்ன புரியும்? என் முகத்தைப் பார்த்துத் திகைத்துவிட்டாள். படகு மறுபடி மேலே எழும்பத் தொடங்கியது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. “கட் இட்! கட்!”

என் கணவர். நாலு பேர் முன்னால் குரல் உயர்த்தி நான் கேட்டிராத மனிதர். பாலத்தில் திரும்ப ஏறி ஓடிவந்து, “விடும் கையை!” என்று என் விரல்களைப் பிய்த்து எடுத்தார். ஒரே வெட்டு. நாங்கள் மூவரும் பின்னால் சாய்ந்து விழுந்தோம். சிவப்பு முந்தானை சரிகையோடு சந்துக்குள் போய் மறைந்தது.

மேடையில் உட்கார்ந்து, வெட்டுப்பட்ட சேலையைக் கையால் மூடிக்கொண்டு அழுதேன். அந்தப் பெண் தன் ஆரஞ்சு நிற ஜாக்கெட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு, திரும்பிப் போகும்போது தந்தால் போதும் என்று சொன்னாள். “கூறை போயிட்டுதேயப்பா” என்றேன் கணவரிடம். அவர் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் கழுத்தில் சிவந்திருந்த தடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இந்த மனிதர் அன்பாக ஒரு வார்த்தை சொன்னதில்லை என்று தோழிகளிடம் நான் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. இப்போது அந்தப் பேச்சு வந்தால், சொன்னார், ஒரே ஒரு தடவை, துறைமுகம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார் என்கிறேன்.