இத்தாலிக்கு எழுதிய வெந்நீர்

மலைமேல் இருக்கும் எங்கள் வாழவந்தி நாட்டில், மிளகுத் தோட்டத்துக்குள், சித்தப்பா இரண்டு அறை கட்டி வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். போன மார்கழியில் வந்த பெங்களூர்க்காரர்கள், குளிக்கக் கொடுத்த வெந்நீர் ஆறியிருந்தது என்று மறுநாளே கிளம்பிப்போனார்கள். போனவர்கள் அதை இணையத்திலும் எழுதிவைத்தார்கள். அதற்குப் பிறகு அந்த அறைகளில் மிளகு மூட்டைகள் மட்டுமே தங்கின.

அந்த நிலையில்தான் இத்தாலியிலிருந்து ஓர் அம்மாள் ஆங்கிலத்தில் எழுதினார். நான்கு பேர், நான்கு நாள். ஒரே ஒரு கேள்வி: குளிக்கிற தண்ணீர் 'வார்ம்' ஆக இருக்குமா?

நான் ஏழு மாதமாகக் கைபேசியில் இத்தாலியன் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பதிலை இத்தாலியனிலேயே எழுதுகிறேன் என்று நானாகச் சொன்னேன்.

எழுத உட்கார்ந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. கால்தா என்றால் நல்ல சூடான தண்ணீர். தியேபிதா என்றால் சூடு அடங்கிப்போன தண்ணீர். வார்ம் இரண்டுக்கும் நடுவே எங்கேயோ நிற்கிறது.

"கால்தான்னே போடு கண்ணு," என்றார் சித்தப்பா.

"வந்து பாத்துட்டு, ஆறிப்போச்சுன்னு இவங்களும் எழுதுனா?"

"அப்ப அந்த இன்னொண்ணப் போடு."

"அதப் போட்டா வரவே மாட்டாங்க சித்தப்பா."

"ஏழு மாசமா என்னத்தப் படிச்ச நீ?"

சோதித்துப் பார்த்துவிடலாம் என்றேன். அடுப்பு வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது, குளியலறை மேட்டில் இருக்கிறது. நடுவில் அறுபது தப்படி தூரம், அத்தனையும் காற்று. வெந்நீரை விளாவி வாளியில் தூக்கிக்கொண்டு மேலே போனேன். காய்ச்சல் பார்க்கும் கருவியை உள்ளே விட்டேன். அது ஏதோ ஓர் எழுத்தைக் காட்டிவிட்டு அணைந்துபோனது.

சித்தி வந்தார். பக்கத்து வீடுகளில் குழந்தை பிறந்தால் குளிப்பாட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். முழங்கையை வாளிக்குள் விட்டுப் பார்த்தார்.

"பச்சப்புள்ளைக்கு ஊத்தற சூடு. ஏனுங்க, இதுக்கா காலையிலிருந்து ரெண்டு பேரும் சண்ட போடறீங்க?"

நான் அதையே எழுதினேன். பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டும் முன் முழங்கையை விட்டுப் பார்ப்பார்களே, எங்கள் தண்ணீர் அந்தச் சூட்டில் இருக்கும். அந்த அம்மாள் கேட்ட சொல்லை நான் தொடவே இல்லை.

படித்துக் காட்டியதும் சித்தப்பா முகம் சுருங்கிவிட்டது. "குளிக்கற தண்ணி எப்படின்னு கேட்டா பிரசவக் கதை சொல்றயே சாமி. இதும் போச்சு."

இரண்டு நாள் பதில் இல்லை. சித்தப்பா என்னோடு நேராகப் பேசவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "வாத்தியாருக்கு எதாச்சும் தபால் வந்துச்சான்னு கேளு," என்று சித்தியிடம் சொன்னார். சித்தி கேட்டார். வரவில்லை என்று சித்தியிடம் சொன்னேன்.

மூன்றாம் நாள் வந்தது. "நன்றாகப் புரிந்தது. என் அம்மாவும் முழங்கையைத்தான் விடுவார். வருகிறோம். ஆனால் நாங்கள் நால்வரும் அறுபதைத் தாண்டியவர்கள். எங்களுக்கு இன்னும் கொஞ்சம் சூடு வேண்டும்."

சித்தப்பா இரண்டு முறை படிக்கச் சொன்னார். எழுந்து மேட்டைப் பார்த்தார்.

"அடுப்ப அங்கியே கட்டிப்புடலாம்."

"மார்கழியிலயே சொன்னேனுங்க," என்றார் சித்தி.

சித்தப்பா அதற்குள் குளியலறைப் பக்கம் கல் சுமக்க ஆரம்பித்திருந்தார்.