செவ்வாய் தள்ளிப் போய்விட்டதாம்

இன்று தம்பிக்குப் பெண் கேட்டு, கும்பகோணத்திலேயே ஒரு வீட்டுக்குப் போனோம்.

தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். வயது முப்பத்தாறு. செவ்வாய் தோஷம். வைத்தீஸ்வரன் கோயிலுக்கு அலைந்ததில் அம்மாவுக்குச் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

"தோஷத்தை விடுங்கம்மா," என்றார் பெண்ணின் அப்பா. "சூரியக் குடும்பமே விரிஞ்சுக்கிட்டுப் போகுது. யூடியூப்ல ஆதாரத்தோட போட்டிருக்கான். செவ்வாய் பழைய பாதையிலேயே இல்ல. அவ்வளவு தூரத்துலேருந்து அது யாரை என்ன பண்ணும்?"

அம்மாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் இப்படிச் சொன்ன முதல் மனிதர் அவர்.

என் பக்கம் திரும்பினார். "நீங்க பிசிக்ஸ் டீச்சராச்சே, நான் சொல்றது சரிதானே?"

கோள்கள் இம்மியளவு விலகுவது நிஜம். ஆனால் செவ்வாய் எங்கும் போய்விடவில்லை. அதைச் சொன்னால் தோஷம் திரும்பி வந்துவிடும். வாயெடுப்பதற்குள் அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

"சரிதான் சார்," என்றேன்.

பெண்ணின் தங்கை, காபி கொண்டுவந்தவள், டபராவோடு அப்படியே நின்றுவிட்டாள். என்னிடம்தான் பிளஸ் ஒன் படிக்கிறாள்.

தையில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

நாளை முதல் பீரியட், கோள்களின் இயக்கம் நடத்த வேண்டும். அவள் முதல் பெஞ்ச். கை தூக்காமல் இருக்கவே மாட்டாள்.

என்ன செய்யலாம், சொல்லுங்கள். லீவு போடச் சொல்லாதீர்கள். இனி அவள் சம்பந்தி வீட்டுப் பெண், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து நிற்பாள்.