பாண்டியன் வண்டியை நிறுத்திய இடம்

பாண்டியனுக்கு வலது கண்ணில் புரை விழுந்திருந்தது ஒன்றரை வருஷமாக அவனுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். மனைவி ரேணுகாவிடம்கூடச் சொல்லவில்லை. முதலில் எதிரே வரும் பஸ்ஸின் விளக்கைச் சுற்றிப் பஞ்சு ஒட்டியதுபோல இருந்தது. சில மாதங்களில் பஞ்சு மட்டும் இருந்தது, விளக்கைக் காணவில்லை. அப்புறம் இடது கண்ணும் லேசாக மங்க ஆரம்பித்தது. வயது நாற்பத்தெட்டுதான்.

சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது. பாண்டியன் பத்து வயதில் தாய் தகப்பனோடு இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவன். கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ எஸ்டேட்டில் பதினாலு வருஷம் இலை லாரி ஓட்டினான். டீ விலை விழுந்த மூன்றாம் வருஷம் பேக்டரியைப் பூட்டினார்கள். லயத்து வீடுகளில் இருந்த கூலிக்காரர்களில் பாதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். பாண்டியனிடம் லைசென்ஸ் இருந்ததால் குன்னூருக்கு வந்து வாடகைக் காருக்கு டிரைவரானான். ரேணுகா மிச்சமிருந்த தோட்டங்களில் கூலிக்குக் கொழுந்து பறித்தாள். அது வாரத்தில் இரண்டு நாள் இருந்தால் அதிகம். ஸ்டாண்டில் கூட ஓட்டிய ஆறுமுகசாமிக்கு ஒரு பக்கம் கை இழுத்துக்கொண்டபோது, மறுவாரமே அவன் சாவி வேறு ஆள் கைக்குப் போனதைப் பாண்டியன் பார்த்திருந்தான். கண் போன டிரைவர் என்று பெயர் வந்தால் மலையில் ஒருத்தரும் வண்டி கொடுக்க மாட்டார்கள்.

வெயில் நாளில் இடது கண்ணை வைத்துச் சமாளித்தான். ராத்திரி சவாரிகளை இடுப்பு வலி என்று சொல்லித் தட்டிக் கழித்தான். மூடுபனிதான் தொந்தரவு. முகப்பு விளக்கைப் போட்டால் பனி முழுக்க வெள்ளைச் சுவராக எழுந்து நிற்கும். அந்த மாதிரி நாட்களில் வண்டி சூடாகிறது என்று ஏதாவது சொல்லி ஸ்டாண்டிலேயே உட்கார்ந்துவிடுவான்.

அப்போதுதான் முதலாளி லிங்கசாமி கோயமுத்தூரிலிருந்து வழி காட்டும் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். கைக்குள் அடங்குகிற அளவு. முன்னால் சின்னத் திரை, பின்னால் ரப்பர் கிண்ணம் மாதிரி ஒன்று. அதைக் கண்ணாடியில் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும்.

"சேட்டிலைட்டுல இருந்து வழி சொல்லும் பாண்டியா. டூரிஸ்ட்டுக்காரங்க இதையப் பாத்தாங்கன்னா நம்ம வண்டியத்தான் கேப்பாங்க," என்றார். ஊர்ப் பெயரை எப்படித் தட்டுவது என்று அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்தார்.

பாண்டியனுக்கு வழி யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஓட்டிப் பார்த்தபோது அவன் வேறொன்றைக் கண்டான். அடுத்து வருகிற வளைவு பளிச்சென்ற நீலக் கோடாகத் திரையில் முன்கூட்டியே வந்தது. முகத்துக்கு இரண்டடி தூரத்தில் இருந்ததால் அது அவன் இடது கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது. ரோடு தெரியாத இடத்தில் கோடு தெரிந்தது. லெஃப்ட், ரைட் என்று அது பேசியது அவனுக்குப் புரிந்தது. இரண்டு மாதத்தில் அவன் மூடுபனிச் சவாரிக்கும் போகத் தொடங்கினான். இடுப்பு வலி எப்படிப் போச்சு என்று ஸ்டாண்டில் கேட்டார்கள். நல்லெண்ணெய் தேய்த்தேன் என்று சொல்லிவைத்தான்.

அந்த ஐப்பசியில் தீபாவளி லீவு முடிந்து திரும்பிய கூட்டத்தில் வேலாமணி டீச்சர் இருந்தாள். அன்னூர்க்காரி. கீழ் கோத்தகிரிக்கு அப்பால் ஒரு ஸ்கூலுக்கு மாற்றலாகி வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. புருஷன் கோயமுத்தூரில் வேலை. ஏழு வயது மகள் மனிஷா அம்மாவோடு ஸ்கூல் குவார்ட்டர்ஸில் இருந்தாள். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் ரோட்டில் மண் சரிந்திருந்ததால் இருவரும் குன்னூர் வழியாகச் சுற்றிவந்து பாண்டியனின் காரில் ஏறினார்கள். பகல் இரண்டரை மணி. மறுநாள் ஸ்கூல் திறப்பு.

கோத்தகிரி தாண்டும்வரை தொந்தரவில்லை. அதற்குப் பிறகு பள்ளத்திலிருந்து பனி ஏறியது. நாலரை மணிக்கெல்லாம் சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. தூறல் வேறு. பாண்டியன் வேகத்தைக் குறைத்து, முன்னால் சாய்ந்து, திரையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். கோடு வளைந்தால் ஸ்டியரிங்கை வளைத்தான்.

"ஏனுங்கண்ணா, ரோடே தெரியலீங்களே," என்றாள் முன்சீட்டில் இருந்த வேலாமணி.

"பழகுன ரோடுதாம்மா. மிஷினும் இருக்குதுல்ல."

அவன் சொன்னது பாதி உண்மை. பழகிய ரோட்டில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பது அவனுக்குச் சற்று முன்பே தவறிப்போயிருந்தது. வழக்கமாகக் கணக்கு வைக்கிற மைல்கல்லோ, மூடிய டீக்கடையோ அவன் கண்ணில் படவில்லை. போன ஆடி மழையில் ஓரிடத்தில் ரோடு பாதி உடைந்து விழுந்ததும், மேட்டைக் குடைந்து இடப்பக்கமாகப் புது ரோடு வெட்டியதும் அவனுக்குத் தெரியும். வெயிலில் இரண்டு முறை அதில் போயும் இருக்கிறான். பெட்டிக்கு அது தெரியாது. திரையில் கோடு நேராக ஓடியது. ஐந்நூறு மீட்டர் நேராகப் போகச் சொன்னது பெட்டி.

அவன் நேராகப் போனான்.

"அண்ணா," என்றாள் வேலாமணி. குரல் இறங்கியிருந்தது. "நிறுத்துங்க. அண்ணா, நிறுத்துங்க."

அவன் பிரேக்கை மிதித்தான். சேற்றில் வண்டி ஒரு முழம் வழுக்கி, எதிலோ இடித்து நின்றது. பம்பரில் தகரச் சத்தம். அதற்குப் பிறகு வெகு கீழே தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

வேலாமணி இறங்கினாள். செல்போன் டார்ச்சை அடித்தபடி முன்னால் போனவள், வண்டி மூக்கைத் தொட்டபடி அப்படியே நின்றாள். கல் நிரப்பி வெள்ளையடித்த ஒரு தார் டிரம், காருக்கு அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. டிரம்முக்கு அப்பால் தார் ரோடு, கடித்த பிஸ்கட் மாதிரி முடிந்திருந்தது. அதற்கப்பால் பனிதான்.

அவள் திரும்பி வந்து அவன் பக்கத்து ஜன்னலில் நின்றாள். உதடு வெளுத்திருந்தது. "பின்னாடி எடுங்க. நான் சொல்றனுங்க."

அவள் சொல்லச் சொல்ல அவன் பத்தடி பின்னால் எடுத்துப் புது ரோட்டின் வாயில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தான்.

"அத்தாப் பெரிய டிரம்முங்க. வெள்ளையா நிக்குது. நான் உள்ள உக்காந்துட்டே பாத்தனுங்க. உங்களுக்குத் தெரியலீங்களா?"

"இந்த மிஷினும்மா," என்று ஆரம்பித்தான் பாண்டியன். அதைச் சொன்னால் போதும், அவள் நம்பிவிடுவாள் என்று அவனுக்குத் தெரிந்தது. லிங்கசாமியும் நம்புவார். பின்சீட்டில் மனிஷா மடியில் பையைக் கட்டிக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தெரியலம்மா. வலது கண்ணு சுத்தமாத் தெரியாது. இன்னொண்ணும் பாதிதான். ஒன்றரை வருசமாச்சு."

வேலாமணி பின்சீட்டில் இருந்த மகளைத் திரும்பிப் பார்த்தாள். தூறல் மழையாக வலுத்தது. மேட்டிலிருந்து ஒரு கல் உருண்டு வந்து பானெட்டில் விழுந்தது. சற்றுப் பொறுத்து, சின்னதாக இன்னொன்று. பாண்டியன் தலையை வெளியே நீட்டிக் காது கொடுத்தான்.

"இங்க நிக்கக் கூடாதும்மா. இது புதுசா வெட்டுன மேடு. மண்ணு எறங்குது."

செல்போனில் சிக்னல் இல்லை. ஸ்கூலுக்கு நடப்பதென்றால் ஆறு கிலோமீட்டர், மழையில், குழந்தையோடு. பொழுது சாய்ந்தால் காட்டுமாடு ரோட்டுக்கு வரும்.

"தள்ளிக்குங்க," என்றாள் வேலாமணி. "நான் ஓட்டறேன்."

"மலையில ஓட்டியிருக்கீங்களா?"

"இல்லீங்க. அன்னூர்ல இருந்து கோபி வரைக்கும் ஓட்டியிருக்கறனுங்க. அது மட்டம்."

பின்னாலிருந்து மனிஷா கேட்டாள், "அம்மா, நீ ஓட்டலாமா?"

"ஓட்டலாம் சாமி. நீ பேசாம உக்காந்துக்கோ."

இருவரும் இடம் மாறினார்கள். பாண்டியன் முதல் வேலையாகப் பெட்டியை அணைத்தான். அதன் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு அவளுக்கு ரோட்டை மறைத்தது. பெரிய விளக்கைக் குறைக்கச் சொன்னான். மழையோடு தன் பக்கத்து ஜன்னலை முழுதாக இறக்கினான்.

"ஒண்ணாம் கியர்லயே போங்க. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருக்காதீங்க, இன்ஜினே புடிச்சுக்கும். இடது பக்கம் வாய்க்கா தெரியுதா?"

"தெரியுதுங்க."

"அதை விடாதீங்க. அதுக்கு ஒரு அடி தள்ளியே வாங்க. அது போற பக்கம்தான் ரோடு."

புது ரோட்டைத் தாண்டிப் பழைய ரோட்டில் ஏறியதும் அவனுக்கு இடம் பிடிபட்டது. குழாய்ப் பாலத்துக்கு அடியில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டதும், "இப்ப எறக்கம். முப்பது அடியில வலது பக்கம் முழுசா ஒடிக்கணும், பாதியில நிறுத்தாதீங்க," என்றான். அவள் ஒடித்தாள். யூகலிப்டஸ் வாடை வந்ததும், "தைலம் வடிக்கிற எடம். இனி ரெண்டு வளைவு இடது பக்கம்," என்றான். பதினாலு வருஷம் இலை மூட்டைகளோடு இறங்கி ஏறிய ரோடு. வளைவு எத்தனை நீளம் என்பது அவன் கைக்குத் தெரிந்திருந்தது. ஸ்டியரிங் இல்லாமலே கை மடியில் திரும்பிக்கொண்டிருந்தது.

மூன்றாவது மேட்டில் இன்ஜின் நின்றது. வண்டி பின்னால் உருளத் தொடங்கியது. வேலாமணி பிரேக்கைத் தேடிக் கிளச்சை மிதித்தாள். பாண்டியன் ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தான். வண்டி நின்றது. மனிஷா அழ ஆரம்பித்தாள், சத்தமில்லாமல்.

"என்னால ஆவாதுங்கண்ணா."

"ஆகும்மா. நான் புடிச்சிருக்கேன், பின்னால போகாது. ஸ்டார்ட் பண்ணுங்க. ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் சத்தம் வர்ற வரைக்கும் மிதிங்க. கிளச்சை மெதுவா விடுங்க. வண்டி மூக்கைத் தூக்கும். அப்ப சொல்லுங்க, நான் விடறேன்."

முதல் தடவை மறுபடி நின்றது. இரண்டாம் தடவை மூக்கைத் தூக்கியது. "இப்பங்க," என்றாள். அவன் விட்டான். வண்டி ஏறியது.

மேடு முடியும் இடத்தில் அவள் தானாகவே நிறுத்தினாள். "முன்னாடி என்னமோ நிக்குதுங்க. கருப்பா. அசையுது."

"எத்தனை?"

"மூணு. இல்லீங்க, நாலு. ஒண்ணு குட்டி."

"ஹாரன் அடிக்காதீங்க. குட்டியோட இருந்தா நம்ம மேல வரும். லைட்டை அணைச்சிட்டுப் பேசாம இருங்க."

இருட்டில் மூவரும் மூச்சுவிடும் சத்தம் கேட்கும்படி உட்கார்ந்திருந்தார்கள். வெளியே குளம்புகள் தார்மேல் நகர்ந்தன. ஒன்று காரின் இடப்பக்கம் உரசிக்கொண்டு போனது. திறந்த ஜன்னலில் அதன் ஈர வாடை பாண்டியனின் முகத்தில் அடித்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்துத் தேயிலைச் செடிகளுக்குள் கிளை ஒடியும் சத்தம் தூரமாகப் போனது.

"போயிருச்சுங்க," என்றாள் வேலாமணி.

ஆறு கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. குவார்ட்டர்ஸ் வாசலில் நிறுத்திய பிறகும் அவள் ஸ்டியரிங்கை விடவில்லை. மனிஷாவை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் திரும்பி வந்தாள். அதுவரை வராத கோபம் அப்போது வந்தது.

"என்ற புள்ளைய உக்கார வெச்சுட்டு ஓட்டிட்டு வந்தீங்களே. கண்ணு தெரியலைன்னு தெரிஞ்சே ஓட்டுனீங்களே."

வேலை, ரேணுகா, பூட்டிய பேக்டரி எல்லாம் பாண்டியனின் நாக்கு நுனியில் இருந்தன. எதுவும் அந்தக் கேள்விக்குப் பதிலாகாது என்று அவனுக்கே தெரிந்தது.

"உங்க மொதலாளிகிட்ட நீங்களே சொல்லிப்போடுங்க. நாளைக்குச் சாயங்காலம் நான் போன் பண்ணுவேன். அதுக்குள்ள நீங்க சொல்லியிருக்கோணும்."

"சொல்லிடறேன்மா."

அன்றிரவு ஸ்கூல் வாட்ச்மேன் அறையில் படுத்தான். அவள் சாப்பாடு கொடுத்தனுப்பியிருந்தாள். காலையில் காரை ஸ்கூல் மைதானத்திலேயே விட்டுவிட்டு, சாவியோடு முதல் பஸ்ஸில் குன்னூர் போனான்.

லிங்கசாமி முழுதும் கேட்டார். "ஏம்ப்பா, எத்தன குடும்பத்த ஏத்தி எறக்கியிருக்கற. எங்க ஊட்டு ஆளுங்களையே கோத்தகிரிக்குக் கூட்டிட்டுப் போனியே," என்றார். பிறகு கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். அதற்கு மேல் திட்டவில்லை.

ரேணுகாவுக்குச் சொன்னதுதான் கஷ்டம். அவள் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். மூன்றாம் நாள், "கண்ணு போனதைச் சொல்லல. சரி. பள்ளத்துல விழுந்து செத்திருந்தா, மிஷின் தப்புன்னுதானே நானும் நெனச்சிருப்பேன்," என்றாள். அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதாள்.

கார்த்திகையில் கோயமுத்தூரில் ஒரு கண் முகாமில் வலது கண்ணுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. தையில் இடது கண்ணுக்கு. நடுவில் அவன் ரேணுகாவோடு கொழுந்து பறிக்கப் போனான். தோட்டத்தில் ஆண்கள் பறிப்பதைப் பார்த்துச் சிரித்த காலம் போயிருந்தது. வேலாமணி ஒரு முறை போன் செய்து, ஆபரேஷன் முடிந்ததா என்று மட்டும் கேட்டாள்.

லிங்கசாமியின் கார் திரும்பக் கிடைக்கவில்லை. பாண்டியனும் கேட்கவில்லை. மாசி மாதம் சோலூரில் கேரட் ஏற்றும் பிக்அப் ஒன்றுக்கு ஆள் தேடினார்கள். மேட்டுப்பாளையம் மண்டிக்கு விடியுமுன் கொண்டு சேர்க்க வேண்டும். கண்ணில் ஆபரேஷன் ஆனதை முதல் நாளே சொன்னான். வண்டிக்காரர் தூரத்தில் நின்ற பஸ்ஸின் போர்டைப் படிக்கச் சொன்னார். படித்தான்.

மூட்டைகளை ஏற்றி ஓட்டுவதில் அவனுக்குப் பயமில்லை. ஆனால் வழியில் யாராவது ஏறிக்கொள்ளக் கை காட்டினால் நிறுத்தாமல் போனான். பக்கத்து சீட்டில் ஓர் ஆளை உட்காரவைத்து ஓட்ட அவனுக்கு மேலும் ஒரு வருஷம் பிடித்தது. முதலில் ஏறியது ரேணுகாதான். சோலூரிலிருந்து ஊட்டி வரை வந்தாள். வழி நெடுக அவள் ரோட்டைப் பார்க்கவில்லை, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.