மாமியாருக்கு மதிப்பெண்

உங்கள் தெருவில் நேற்று சண்டை எதுவும் நடக்கவில்லை. அதற்காக யாருக்காவது நன்றி சொன்னீர்களா?

சொல்லியிருக்க மாட்டீர்கள். நடக்காமல் போனதற்கு நன்றி சொல்லும் பழக்கம் நமக்கு இல்லை. ஆனால் சண்டை நடக்காமல் பார்த்துக்கொள்வதையே பிழைப்பாக வைத்திருக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு பெண்ணை அவருடைய அலுவலகம் எடை போட்ட கதை இது. எடை போட்டவர்கள் முட்டாள்களும் இல்லை, கெட்டவர்களும் இல்லை. அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடுகிறது.

அவர் வேலை பார்க்கும் நிறுவனம் ஓர் இணைய விளையாட்டை நடத்துகிறது. தீவு பிடிப்பது, துறைமுகம் கட்டுவது, கூட்டணி சேர்வது, பிறகு சமயம் பார்த்து அந்தக் கூட்டணியின் முதுகில் குத்துவது, அவ்வளவுதான் விளையாட்டு. விளையாடுகிறவர்கள் பேசிக்கொள்ள அரட்டைக் கூடங்கள் உண்டு. ஒவ்வொரு கூடத்துக்கும் ஒரு மேலாளர். புதிதாக வந்தவர் மிரண்டு ஓடாமல், பழையவர்கள் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறாமல் கூடத்தை நடத்திச் செல்வது அவர் பொறுப்பு.

நம் மேலாளரைக் கூடத்தில் எல்லோரும் 'மாமியார்' என்றுதான் கூப்பிடுவார்கள். வாக்குவாதம் முற்றும்போதெல்லாம் அவர் உள்ளே வந்து ஒரே ஒரு வரி எழுதுவார்: "பாத்திரம் உடையுற சத்தம் கேட்டுச்சே." அதைப் பார்த்த எவனோ ஒருவன், "டேய், மாமியார் வந்துட்டாங்கடா" என்று எழுத, பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டில் அவருடைய உண்மையான மாமியாருக்கு இதைச் சொன்னபோது அந்த அம்மாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "ஊர் பூரா உனக்கு மருமகனுங்களா? எனக்கு ஒருத்தி, அவளையே சமாளிக்க முடியல" என்றார்.

மாமியாரின் வேலை முறை தனி. சட்டென்று யாரையும் வெளியே தள்ள மாட்டார். கூடத்தில் 'மெதுநடை' என்று ஒரு வசதி இருக்கிறது. அதை அழுத்திவிட்டால், ஒரு செய்தி போட்டவர் அடுத்ததைப் போடச் சற்றுக் காத்திருக்க வேண்டும். கோபத்தில் தட்டச்சு செய்கிறவனுக்கு அந்த இடைவெளியில் தான் எழுதியதையே ஒரு முறை படிக்க நேரம் கிடைக்கும். அதற்குள் சண்டைக்காரர்கள் இருவரையும் தனித்தனியாக அழைத்துப் பேசுவார். யார் சரி, யார் தப்பு என்று ஆரம்பிக்க மாட்டார். "இன்னிக்கு வேலைக்குப் போனீங்களா?" என்று கேட்பார். பாதிச் சண்டைக்குக் காரணம் விளையாட்டுக்கு வெளியே இருக்கும் என்பது அவர் அனுபவம்.

பேக்கரிக்காரர், லாரி டிரைவர் விவகாரம் அப்படித்தான். இருவரும் நெடுநாள் கூட்டணி. ஒரு நாள் லாரி டிரைவரின் கப்பல்கள் பேக்கரிக்காரரின் துறைமுகத்தைக் கொளுத்திவிட்டன. பேக்கரிக்காரர் கூடத்துக்குள் வந்து ஆடித் தீர்த்துவிட்டார். டிரைவரும் சளைக்கவில்லை. வார்த்தை தடித்து, "உன் கடை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், வரட்டுமா?" என்கிற இடத்துக்கு வந்துவிட்டது. ஆட்கள் வேடிக்கை பார்க்கத் திரண்டார்கள். மாமியார் மெதுநடையை அழுத்தினார். தனியே பேசியபோது தெரிந்தது, பேக்கரிக்காரர் சில நாட்களாக மனைவியோடு மருத்துவமனையில் இருந்திருக்கிறார். பதில் வராததால் கூட்டணியை உடைத்துவிட்டார் என்று டிரைவர் நினைத்திருக்கிறார். விஷயம் தெரிந்ததும் டிரைவர், "நான் மடையன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க" என்றார். மாமியார், "அதை நீங்களே சொன்னாத்தான் நல்லா இருக்கும்" என்று பதில் போட்டார். எரிந்த துறைமுகத்தை டிரைவரே மரம் அனுப்பிக் கட்டிக் கொடுத்தார்.

இப்போது அலுவலகக் கணக்கைப் பாருங்கள். மேலாளர்களின் திறமையை அளக்க நிறுவனம் வைத்திருக்கும் கோல் ஒன்றே ஒன்று: கூடத்தில் எத்தனை செய்திகள் விழுந்தன. அதிகம் பேசினால் ஈடுபாடு அதிகம். ஈடுபாடு அதிகம் என்றால் மேலாளர் கெட்டிக்காரர். பேக்கரிக்காரரும் டிரைவரும் கட்டிப் புரண்டபோது மாமியாரின் கோடு திரையில் மலைபோல் ஏறியது. அவர் சமாதானம் செய்து வைத்த கணத்தில் சரிந்தது. தீயை அணைத்தவருக்கு அபராதம், எரியவிட்டவருக்குப் பாராட்டு.

எண் பொய் சொல்லாது என்பார்கள். சரி, எண் சொல்லாது. எதை எண்ணுவது என்று தீர்மானித்தவர் சொல்லலாம் அல்லவா? கேள்வி கேட்கக் கூடாது என்று எதை வைத்தாலும் அது மூடநம்பிக்கைதான். கண்ணாடி அறையில், கணினித் திரையில், வண்ணக் கோடாக வந்து நின்றாலும் அது மூடநம்பிக்கைதான்.

பக்கத்து இருக்கைக்காரர் வேறொரு கூடத்தின் மேலாளர். அலுவலகத்தில் அவருக்குப் 'பட்டாசு' என்று பெயர், ஏனென்றால் அவர் கூடம் எந்நேரமும் வெடித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மதிப்பீட்டிலும் அவருக்கே முதலிடம். நல்ல மனிதர்தான். "அக்கா, நான் ஒண்ணுமே செய்யறதில்ல. அதுதான் என் ரகசியம்" என்று சிரிப்பார்.

மாமியாருக்குச் சென்ற மதிப்பீட்டில் கடைசித் தரம் கிடைத்திருந்தது. அடுத்தடுத்து இரண்டு முறை அந்தத் தரம் வந்தால் வேலை போய்விடும், அதுதான் நிறுவன விதி. வீட்டிலோ நிலைமை சரியில்லை. கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். மணிக்கட்டு முறிந்து, கட்டுப் போட்டுக்கொண்டு, இடது கையால் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அந்த வீட்டின் அடுப்பு இப்போது இந்த ஒரு வேலையை நம்பித்தான் எரிந்தது.

இது பட்டாசுக்குத் தெரியும். மனசு கேட்காமல் அவர் ஒரு காரியம் செய்தார். விளையாட்டில் பழக்கமான லாரி டிரைவரிடம், "உங்க மாமியாருக்கு ஆபத்துங்க. கூடம் தூங்குதுன்னு மார்க்கைக் குறைக்கிறாங்க" என்று போட்டு உடைத்துவிட்டார். டிரைவர் பேக்கரிக்காரரிடம் சொன்னார். பேக்கரிக்காரர் கூட்டணி முழுவதற்கும் சொன்னார். எல்லோரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். மாமியாரிடம் மட்டும் யாரும் மூச்சு விடவில்லை.

மதிப்பீட்டு நாள் காலையில் துறைத் தலைவர் அவரைக் கண்ணாடி அறைக்கு அழைத்தார். மாமியாரைவிட வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர். தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்துவிட்டு மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினார். திரையில் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. தலைவர் வருத்தமாகவே ஆரம்பித்தார். தனிப்பட்ட முறையில் தனக்கு எந்தக் குறையும் இல்லை என்றார், மேலிடத்தின் கணக்கு என்றார், கூட்டம் முடிந்து பொத்தானை அழுத்தும்போது திரை என்ன காட்டுகிறதோ அதைத்தான் தான் அனுப்ப முடியும் என்றார்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே கோடு அசைந்தது. பிறகு ஏறியது. பிறகு திரையின் மேல்விளிம்பைத் தொட்டது.

தலைவர் முகம் மலர்ந்துவிட்டது. "மேடம், என்ன இது? உங்க கூடத்துக்கு இப்பத்தான் உயிர் வந்திருக்கு."

மாமியார் கைப்பேசியில் கூடத்தைத் திறந்தார். வெள்ளம். பேக்கரிக்காரர் ரொட்டி செய்யும் முறையை வரிக்கு ஒரு சொல்லாக எழுதிக்கொண்டிருந்தார்: மாவு. உப்பு. தண்ணீர். பிசை. இன்னும் பிசை. லாரி டிரைவர், சரக்கு ஏற்றும் இடத்தில் நின்றபடி, கண்ணில் படும் வண்டி எண்களையெல்லாம் போட்டுக்கொண்டிருந்தார். மற்றவர்கள் 'மாமியார் வாழ்க', 'இருமல்', 'தும்மல்', வெறும் புள்ளி என்று வாரி இறைத்தார்கள். அவருக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. யாரும் அவருக்காக இவ்வளவு அசட்டுத்தனமாக, இவ்வளவு அன்பாக எதையும் செய்ததில்லை.

சும்மா இருந்தால் போதும். தலைவர் பொத்தானை அழுத்துவார். வேலை தப்பும். யாரிடமும் அவர் கேட்கவில்லை, யாரையும் தூண்டவில்லை. நியாயமில்லாத கோலுக்கு நியாயமில்லாத அளவு, என்ன குறைந்துவிடும்? அந்த நினைப்பு அவருக்கும் வந்தது. வந்ததை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை.

அப்போதுதான் ஒரு வரி கண்ணில் பட்டது. 'உப்பு'க்கும் 'தும்மலு'க்கும் நடுவே, யாரோ புதிதாக வந்தவர் எழுதியிருந்தார்: "இங்கே ஒருத்தர் என் போட்டோவை வச்சு மிரட்டுறார். யார்கிட்ட சொல்லணும்?" அவர் படித்து முடிப்பதற்குள் அது மேலே ஓடி மறைந்துவிட்டது. சற்றுக் கழித்து மறுபடி வந்தது. மறுபடி அடித்துக்கொண்டு போனது.

மாமியார் மெதுநடையை அழுத்தினார். "பாத்திரம் உடையுற சத்தம் கேட்டுச்சே" என்று எழுதினார். வேண்டுமென்றே கூடத்தை நிரப்பினால் ஒரு நாள் வாய்ப்பூட்டு என்பது அவரே வைத்த விதி. பேக்கரிக்காரர், லாரி டிரைவர் தொடங்கி நிரப்பிய எல்லோருக்கும் பூட்டுப் போட்டார். குப்பைச் செய்திகளை மொத்தமாக நீக்கினார். பிறகு அந்தப் புதியவரைத் தனியே அழைத்து, யார் மிரட்டுகிறார் என்று கேட்டு, அந்தக் கணக்கை முடக்கி, ஆதாரத்தைப் பத்திரமாக எடுத்து வைத்து, காவல்துறைக்கு எப்படிப் புகார் கொடுப்பது என்றும் சொல்லிக் கொடுத்தார். தலைவர் எதிரில் உட்கார்ந்திருப்பதையே அவர் மறந்துவிட்டார்.

திரையில் கோடு மறுபடி தரையில் கிடந்தது. நீக்கிய செய்திகளைக் கணினி கணக்கிலிருந்து கழித்துவிட்டது.

"ஏன் இப்படிப் பண்ணீங்க?" தலைவருக்கு உண்மையாகவே புரியவில்லை. "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா தப்பிச்சிருப்பீங்களே."

மாமியார் கைப்பேசியை அவரிடம் நீட்டினார். "சார், இந்தக் கோடு மேலே போனப்ப நீங்க சந்தோஷப்பட்டீங்க. அந்த நேரத்துல ஒருத்தர் உள்ளே கத்திக்கிட்டிருந்தார். உங்க கோட்டுல அவர் எங்க இருக்கார்னு காட்டுங்க, நான் இப்பவே எழுந்து போயிடறேன்."

தலைவர் படித்தார். மடிக்கணினியைப் பார்த்தார். பிறகு அதை மூடினார். ஆனால் மூடியதால் விதி மாறிவிடவில்லை. மாலையில் மேலிடத்துக்குக் கடைசித் தரமே போயிற்று, அந்தத் திரையில் வேறெதையும் அனுப்ப வழியில்லை. கூடவே, தன் பெயரில், அன்று கண்ணால் பார்த்ததை அப்படியே எழுதி ஒரு மேல்முறையீட்டையும் அவர் அனுப்பினார். தன் மேலதிகாரிகளுக்கு எதிராக அவர் எழுதிய முதல் கடிதம் அது.

வாய்ப்பூட்டு திறந்ததும் முதலில் வந்தவர் லாரி டிரைவர். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தார் மாமியார். அவரோ, "என் சொந்த மாமியார்கூட என்னை இப்படிப் பூட்டினதில்லீங்க" என்று மட்டும் எழுதினார். பேக்கரிக்காரர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ரொட்டி முறையில் ஈஸ்டை எழுத விட்டுப் போய்விட்டதாகவும், யாரும் அதை நம்பிச் செய்ய வேண்டாம் என்றும் தெரிவித்தார். விஷயத்தைப் போட்டு உடைத்த பட்டாசு, அன்று முழுக்க மாமியாரின் கண்ணில் படாமல் தண்ணீர் இயந்திரத்துக்குப் பின்னாலேயே சுற்றினார். மறுநாள்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அக்கா, அந்த மெதுநடையை எப்ப அழுத்தணும்னு சொல்லிக் குடுங்க" என்றார்.

மேல்முறையீட்டுக்குப் பதில் வந்தது. அவருடைய குடும்பச் சூழலைக் கருத்தில் கொண்டு, கருணை அடிப்படையில், இந்த ஒருமுறை மட்டும் வேலையில் தொடர அனுமதிக்கப்படுகிறார். மதிப்பிடும் முறையில் மாற்றம் எதுவும் தேவையில்லை.

கணவர் ஒற்றைக் கையால் தட்டி மகிழ்ந்தார். ஆனால் மாமியாரின் முகம் இறுகிக் கிடந்தது. வீட்டு மாமியார் அதைக் கவனித்துவிட்டார். "அதான் வேலை நிலைச்சிடுச்சே. அப்புறம் என்ன மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு?"

"நான் கருணையா கேட்டேன், அத்தை? கணக்கு தப்புன்னுதானே சொன்னேன். கணக்கைத் திருத்தாம என்னை மன்னிச்சு விட்டிருக்காங்க. நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

அந்த அம்மாள் கையிலிருந்த பூண்டைத் தட்டில் போட்டார். "எல்லாரும் பாத்திரத்தை உடைச்சா நீதானே ஓடி ஓடித் தடுக்கிற. இந்தத் தடவை நீயே ஒண்ணை உடை. திரும்ப எழுது."

எழுதினார். தனக்காக அல்ல. எல்லாக் கூடங்களின் மேலாளர்களுக்காகவும். செய்திகளை எண்ணாதீர்கள், ஒரு நாளாவது எங்கள் பக்கத்தில் வந்து உட்காருங்கள் என்று. கீழே முதல் கையெழுத்து அவருடையது, இரண்டாவது பட்டாசுடையது. மூன்றாவது துறைத் தலைவருடையது. இன்னும் பதில் வரவில்லை. அடுத்த மதிப்பீடு நெருங்குகிறது, பழைய கோலோடுதான்.

அந்த மேலிடத்தை நீங்கள் பார்க்கப் போவதில்லை. ஆனால் உங்களிடமும் ஒரு கோல் இருக்கும். உங்களுக்குக் கீழே வேலை பார்க்கிறவருக்கோ, உங்கள் பிள்ளையின் ஆசிரியருக்கோ, வீட்டுக்குப் பொருள் கொண்டு வந்தவருக்கோ நட்சத்திரமும் மதிப்பெண்ணும் போடச் சொல்லி உங்களையும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். அடுத்த முறை கை அந்தப் பொத்தானுக்குப் போகும்போது நிறுத்துங்கள். இந்த ஆள் இன்று இங்கே இல்லாதிருந்தால் என்ன உடைந்திருக்கும் என்று ஒரு முறை கேளுங்கள். அதைச் சொல்ல அந்தத் திரையில் இடம் இல்லையென்றால், அந்தத் திரையை வைத்தவருக்கு இன்றே எழுதுங்கள்.